கார்டு அடுக்கி, கம்பைல் செய்து, ஓட்டுவது: 1620 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சிறு வகுப்பு நடக்கிறது. கடலூர்ப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். பாண்டியிலிருந்து நாலைந்து பேர் காலை பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். ஐபிஎம் 1620 என்ற பழைய கணினியில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கிறோம். அசல் எந்திரம் எங்களிடம் கிடையாது. அதைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டரில்தான் எல்லாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கணிப்பொறி நிலையத்தில் கார்டு பஞ்ச் செய்யும் வேலையில், அதாவது கெட்டி அட்டையில் எழுத்துக்கேற்ற துளைகள் இடும் வேலையில் இருந்தேன். மூன்று வருஷம் கழித்துக் கல்யாணமாகிக் கடலூர் வந்தேன். கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றேன். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு முறை படித்துவிட்டு வந்தால் முதல் நாளே கார்டு அடுக்கத் தொடங்கிவிடலாம்.

1620 ஒரு மெயின்ஃபிரேமா?

மெயின்ஃபிரேம் என்றால் பெரிய நிறுவனங்கள் வைத்திருந்த பெரிய கணினி. கறாராகச் சொன்னால் இது அதில் சேராது. மெயின்ஃபிரேம் காலத்தில் வந்த சிறிய எந்திரம். 1959 அக்டோபரில் ஐபிஎம் இதை அறிவித்தது, 1970 நவம்பரில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. பெரிய மேஜை மாதிரி இருக்கும். நிமிர்ந்த பலகையில் வரிசை வரிசையாக விளக்குகள், பக்கத்தில் டைப்ரைட்டர். கார்டைப் படிப்பதும் துளையிடுவதும் 1622 என்ற தனிப் பெட்டியின் வேலை. 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு வந்த கணினி இதுதான். மெயின்ஃபிரேம் என்று சொல்லத்தக்க ஐபிஎம் 370/155 சென்னை ஐஐடிக்கு வந்தது 1973-ல். அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

இன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடிவிடுகிறதே, இதை ஏன் கற்க வேண்டும்?

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கம்பைலர் என்றால் என்ன என்று. "நாம எழுதினத மெஷின் லாங்குவேஜா மாத்தும் டீச்சர்" என்று டக்கென்று பதில் வரும். சரி, மாற்றியது எங்கே இருக்கிறது? கம்பைலர் ஓடும்போது உன் புரோகிராம் எங்கே இருக்கிறது? உன் புரோகிராம் ஓடும்போது கம்பைலர் எங்கே போனது? இங்கே வந்ததும் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் அமைதியாகிவிடும்.

1620-ல் இந்த மூன்று கேள்விக்கும் விரலால் தொட்டுக் காட்டும்படி பதில் உண்டு. நீங்கள் எழுதியது ஒரு கட்டு கார்டு. கம்பைலர் இன்னொரு கட்டு. மாறி வந்தது வேறொரு கட்டு. மூன்றும் மேஜையில் தனித்தனியாகக் கிடக்கும். இதை ஒரு தடவை கையால் அடுக்கியவர்களுக்குக் கம்பைல் பிழை எது, துணை நிரல்களைச் சேர்க்கும்போது வருகிற லிங்க் பிழை எது, ஓடும்போது வருகிற பிழை எது என்று அப்புறம் யாரும் விளக்கவே வேண்டியதில்லை. இந்த வகுப்பை நான் நடத்துவதே இதற்காகத்தான்.

அப்படியானால் கம்பைல் செய்வதிலிருந்து விடை வருவது வரை என்னென்ன நடக்கும்?

வகுப்பில் இதைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி வைத்துக் காட்டுகிறேன். மஞ்சள் அட்டை கம்பைலர், வெள்ளை அட்டை நம் புரோகிராம், ரோஸ் அட்டை எந்திரம் துளையிட்டுத் தருவது. தரையில் உட்கார்ந்து அடுக்கிவிட்டுத்தான் மடிக்கணினியைத் திறப்போம்.

1620-ன் ஃபோர்ட்ரான் கம்பைலர் இரண்டு நடையாக வேலை செய்கிறது. எந்திரத்தின் நினைவகத்தில் 20,000 இலக்கங்களுக்குத்தான் இடம். 40,000, 60,000 என்று கூட்டிக்கொள்ள வழி இருந்தாலும் காசு வேண்டுமே. முழுக் கம்பைலரும் அதில் ஒரே சமயத்தில் உட்காராது. ஆகவே முதல் நடைக்கு ஒரு மஞ்சள் கட்டு, இரண்டாம் நடைக்கு இன்னொரு மஞ்சள் கட்டு.

முதலில் முதல் மஞ்சள் கட்டைக் கார்டு ரீடரில் வைத்து ஏற்ற வேண்டும். இப்போது எந்திரத்துக்குள் இருப்பது கம்பைலரின் முதல் பாதி மட்டும்தான். அடுத்து நம் வெள்ளைக் கட்டு. கம்பைலர் அதை ஒவ்வொரு கார்டாகப் படித்து, பாதி மாற்றிய நிலையில் ரோஸ் கட்டு ஒன்றைத் துளையிட்டுத் தள்ளும். இது இடைநிலைக் கட்டு. மனிதருக்கும் புரியாது, நேராக ஓடவும் ஓடாது.

ரோஸ் கட்டை எடுத்துக்கொண்டு ரீடருக்குப் போகிறோம். இரண்டாம் மஞ்சள் கட்டை ஏற்றுகிறோம். முதல் பாதி இருந்த இடத்தில் இரண்டாம் பாதி வந்து உட்காருகிறது. பிறகு ரோஸ் கட்டைக் கொடுக்கிறோம். இப்போது வெளியே வருவதுதான் எந்திர மொழியில் உள்ள கட்டு. ஆப்ஜெக்ட் டெக் என்போம்.

இன்னும் ஓடவில்லை, கவனியுங்கள். வர்க்கமூலம், சைன், எண்ணைப் படித்து வாங்குவது, அச்சடிப்பது எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே எழுதி வைத்த துணை நிரல்களும் நினைவகத்துக்குள் வந்தாக வேண்டும். ஆப்ஜெக்ட் டெக்கோடு அவையும் ஏறிய பிறகு, கடைசியாக நம் டேட்டா கார்டுகள். அவற்றைப் படித்துத்தான் டைப்ரைட்டர் விடையை அடிக்கும்.

இந்த நேரத்தில் கம்பைலர் எங்கே? அலமாரியில், அதன் பெட்டியில் இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.

அதே புரோகிராமை வேறு எண்களுக்கு மறுபடி ஓட்ட வேண்டுமென்றால், கம்பைல் செய்யத் தேவையில்லை. ஆப்ஜெக்ட் டெக்கைப் பத்திரமாக வைத்திருந்தால் டேட்டா கார்டை மட்டும் மாற்றினால் போதும்.

கார்டில் எந்த இடத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு கார்டில் 80 கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஃபோர்ட்ரானுக்கு 1 முதல் 5 வரை வரி எண். எல்லா வரிக்கும் எண் தேவையில்லை. 6-ல் ஏதாவது துளையிட்டால் முந்தைய வரியின் தொடர்ச்சி என்று பொருள். 7 முதல் 72 வரை கட்டளை. 73 முதல் 80 வரை உள்ளதைக் கம்பைலர் பார்க்காது; அங்கே வரிசை எண் போட்டுக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் சி என்ற எழுத்து இருந்தால் அந்தக் கார்டு வெறும் குறிப்பு.

வகுப்பில் எல்லோரும் செய்கிற முதல் பயிற்சி ஐந்து நாள் மழையளவைக் கூட்டுவது. ஆங்கில எழுத்தில் பஞ்ச் செய்யப் போவதை இங்கே நம் எழுத்தில் தருகிறேன்:

சம் = 0.
டூ 10 ஐ = 1, 5
ரீட் 20, ஆர்
10 சம் = சம் + ஆர்
பிரிண்ட் 30, சம்
ஸ்டாப்
20 ஃபார்மட் (எஃப்8.2)
30 ஃபார்மட் (எஃப்10.2)
என்ட்

டூ வரி, 10 என்ற எண்ணுள்ள வரி வரை ஐந்து முறை திரும்ப ஓட்டச் சொல்கிறது. வரியின் தொடக்கத்தில் உள்ள 10, 20, 30 ஆகியவை முதல் ஐந்து கட்டங்களுக்குள் வரும். மற்றதெல்லாம் 7-ல் தொடங்கும். ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும். மற்றப் பெயர்கள் தசம எண்ணை. அதனால்தான் மழையளவுக்கு ஆர், நாள் எண்ணிக்கைக்கு ஐ.

எஃப்8.2 என்பதை மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். எட்டுக் கட்டங்களை ஓர் எண்ணாகப் படி, புள்ளி வைக்காமல் விட்டிருந்தால் கடைசி இரண்டு இலக்கமும் தசமம் என்று எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். பாண்டியிலிருந்து வருகிற ஒரு மாணவி, 12.50 மில்லிமீட்டர் மழையை 1250 என்று எழுதினாள். 5-லிருந்து 8 வரை உள்ள கட்டங்களில் வர வேண்டியது, ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து 4-லிருந்து 7 வரை விழுந்துவிட்டது. எட்டாவது கட்டம் காலி. காலி இடத்தை அன்றைய ஃபோர்ட்ரான் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டரை மில்லிமீட்டர் தூறல் 125 மில்லிமீட்டர் புயல் மழையாகிவிட்டது. கம்பைலர் ஒரு பிழையும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அது டேட்டா கார்டைப் பார்க்கவே இல்லையே! அடுக்கை மனதில் வைத்திருந்ததால் அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

பஞ்ச் செய்யும்போது ஓர் எழுத்து தப்பாகிவிட்டால்?

துளையை அடைக்க முடியாது. கார்டு போனது போனதுதான். ஆனால் முழுதாக மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

நான் உட்கார்ந்திருந்த 026 பஞ்ச் எந்திரத்தில் இரண்டு இடங்கள் உண்டு. வலப்பக்கம் புதுக் கார்டில் துளை விழும் இடம். இடப்பக்கம் முந்தைய கார்டைப் படிக்கும் இடம். இரண்டு கார்டும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே நகரும். தப்பான கார்டை இடப்பக்கம் விட்டு, டூப் என்ற விசையை அழுத்தினால், அதில் உள்ள துளைகள் அப்படியே புதுக் கார்டில் விழுந்துகொண்டே போகும். தப்பான கட்டம் வந்ததும் விரலை எடுத்துவிட்டு, சரியான எழுத்தை அடித்து, மறுபடி டூப்.

ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால்தான் சிரமம். அதற்கு ஒரு கைவித்தை உண்டு. எழுத்து சேர வேண்டிய கட்டம் வந்ததும், இடப்பக்கக் கார்டை விரலால் லேசாக அழுத்தி நகராமல் பிடித்துக்கொண்டு, விட்ட எழுத்தை அடிக்க வேண்டும். புதுக் கார்டு ஒரு கட்டம் போகும்; பழையது நின்ற இடத்தில் நிற்கும். விரலை எடுத்துவிட்டு மறுபடி டூப் அழுத்தினால் மீதி எல்லாம் ஒரு கட்டம் தள்ளி விழும். சேர்ந்த முதல் மாதமே ஒரு அக்கா எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். எந்தக் கையேட்டிலும் நான் இதைப் படித்ததில்லை. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது இன்னும் என் ஆள்காட்டி விரலுக்குத் தெரியும்.

புதிதாக அடிப்பவர்கள் அதிகம் குழம்புவது ஓ என்ற எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும். பஞ்ச் செய்வதற்கு முன் புரோகிராமை எழுதும் கட்டம் போட்ட தாளில், அதாவது கோடிங் ஷீட்டில், எழுதும்போதே இரண்டில் ஒன்றுக்குக் குறுக்குக் கோடு போடுங்கள். எதற்குப் போடுவது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. நம் வகுப்பில் பூஜ்யத்துக்கு.

கட்டு கீழே விழுந்து கலைந்துவிட்டால்?

73-லிருந்து 80 வரை வரிசை எண் போட்டிருந்தால் அடுக்கிவிடலாம். போடாவிட்டாலும், கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை பேனாவால் ஒரு சாய்கோடு இழுத்து வையுங்கள். கோடு நேராகச் சேரும்வரை அடுக்கினால் போதும்.

எந்திரத்தில் முந்தைய ஆளின் புரோகிராம் கிடக்குமே, எப்படித் துடைப்பது?

இந்தப் பதிலை எழுதவே எனக்கு ஆசை. கட்டளை விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

1620 பதின்ம எந்திரம். நினைவகத்தில் இருப்பது 0 முதல் 9 வரை இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு முகவரி. கட்டளை ஒவ்வொன்றும் 12 இலக்கம்: முதல் இரண்டு என்ன செய்ய வேண்டும் என்பது, அடுத்து ஐந்தைந்தாக இரண்டு முகவரிகள். உதாரணமாக 21 15000 15010 என்றால், 15010-ல் முடியும் எண்ணை 15000-ல் முடியும் எண்ணோடு கூட்டி அங்கேயே வை என்று பொருள். எண்ணின் இடக்கோடி இலக்கத்தின் மேல் கொடி என்ற அடையாளம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் எண் எங்கே தொடங்குகிறது என்று எந்திரம் தெரிந்துகொள்ளும்.

துடைப்பதற்கு டைப்ரைட்டரில் நாம் அடிப்பது 160001000000. அடித்து, ரிலீஸ், ஸ்டார்ட் என்ற பொத்தான்களை அழுத்துவோம். இந்த 12 இலக்கங்களும் 00000-லிருந்து 00011 வரை உட்காருகின்றன. 16 என்பது, இந்தக் கட்டளையின் கடைசிப் பகுதியில் இருக்கும் எண்ணையே எடுத்து, சொன்ன முகவரிக்கு நகல் எடு என்ற கட்டளை. சொன்ன முகவரி 00010. ஆகவே எந்திரம் 00011-ல் இருக்கும் பூஜ்யத்தை 00010-ல் வைக்கிறது. அடுத்து 00010-ல் இருப்பதை 00009-ல் வைக்கிறது. அங்கே இப்போதுதான் பூஜ்யம் வைத்தோம். அடுத்து 00009-லிருந்து 00008-க்கு. கொடி வந்தால்தான் நகல் நிற்கும். கொடி எங்கேயும் வரப்போவதில்லை, ஏனென்றால் எடுக்கும் இடத்தில் எப்போதும் சற்றுமுன் வைத்த வெறும் பூஜ்யம்தான் இருக்கிறது. 00000-ஐத் தாண்டியதும் நினைவகத்தின் மறுகோடிக்குச் சென்று, அங்கிருந்து இறங்கி வருகிறது. ஒரே ஒரு பூஜ்யம் தன் நிழலைத் தானே துரத்திக்கொண்டு ஊரையே சுற்றி வருகிறது. தானாக நிற்காது, நாம்தான் நிறுத்தி ரீசெட் செய்ய வேண்டும்.

காலியான எந்திரம் முதல் கார்டை எப்படிப் புரிந்துகொள்ளும்?

ரீடரில் லோடு பொத்தானை அழுத்தினால் முதல் கார்டின் 80 கட்டங்களும் 00000 முதல் 00079 வரை வந்துவிடும்; எந்திரம் 00000-லிருந்து ஓடத் தொடங்கும். 80 இலக்கத்தில் ஆறு கட்டளைகள் அடங்கும். அந்த ஆறும் அடுத்த கார்டுகளை உள்ளே இழுக்கிற வேலையைச் செய்யும்படி எழுதியிருப்பார்கள். அவை இன்னும் பெரிய ஏற்றியைக் கொண்டுவரும், அது புரோகிராமைக் கொண்டுவரும். 1949 மே 6-ம் தேதி கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி முதல் முறை ஓடியபோதும் இதே யோசனைதான்: டேவிட் வீலர் எழுதிய 31 கட்டளைகள் எந்திரத்திலேயே நிலையாக இருந்து, காகித நாடாவில் உள்ள புரோகிராமை உள்ளே கொண்டுவந்தன.

"1620-க்குக் கூட்டவே தெரியாது" என்கிறார்களே?

உண்மைதான். முதல் மாடலில் கூட்டல் செய்யும் மின்சுற்று கிடையாது. கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் வைத்து, பார்த்துப் பார்த்துச் சொல்லும். 00100-லிருந்து 00299 வரை பெருக்கல் வாய்ப்பாடு, 00300-லிருந்து 00399 வரை கூட்டல் வாய்ப்பாடு. இரண்டும் மூன்றும் எத்தனை என்றால் 3, 2, 3 என்ற இலக்கங்களைக் கொண்டு 00323 என்று முகவரியை அமைத்து, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கும். 5 இருக்கும். எட்டும் ஏழும் என்றால் 5 இருக்கும், அதன் மேல் ஒரு கொடியும் இருக்கும். கொடி என்றால் ஒன்று மீதி, அடுத்த இலக்கத்துக்குக் கொண்டு போ.

கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதைவிடப் பிடித்த எந்திரம் எது இருக்க முடியும்! ஈரெண்டு நாலு, மூவெண்டு ஆறு என்று நாம் எண்சுவடியை மனப்பாடம் செய்தது மாதிரியேதான் இதுவும்.

வாய்ப்பாடு சாதாரண நினைவகத்தில் இருப்பதால் அதை அழிக்கவும் முடியும். மேலே சொன்ன பூஜ்யச் சுற்று வாய்ப்பாட்டையும் சேர்த்துத்தான் துடைக்கும். அதனால்தான் ஏற்றும் கட்டுகளில் வாய்ப்பாட்டுக் கார்டுகளும் இருக்கும். வகுப்பில் இதை ஒரு பரிசோதனையாகவே செய்கிறோம்: 00322-ல் இருக்கும் 4-ஐ எடுத்துவிட்டு 5 வைத்துவிட்டு, மழைப் புரோகிராமை ஓட்டுவோம். இரண்டும் இரண்டும் சேருகிற இடத்தில் மட்டும் விடை தவறும். மற்றதெல்லாம் சரியாக வரும். எந்த நாளின் மழையில் தவறு விழுந்தது என்று தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வேன். வகுப்பிலேயே அதிகச் சத்தம் வருகிற நேரம் அது.

1962-ல் அறிவித்த இரண்டாம் மாடலில் கூட்டலுக்குத் தனி மின்சுற்று வந்துவிட்டது. பெருக்கல் வாய்ப்பாடு அப்படியே தொடர்ந்தது.

0.1-ஐப் பத்து முறை கூட்டினால் சரியாக 1 வருமா?

வரும். இப்போதுள்ள கணினிகளில் 0.1 இரும எண்ணாக மாறும்போது முடிவில்லாமல் நீள்கிறது; எங்கோ வெட்ட வேண்டியிருக்கிறது. 1620 எண்களைப் பதின்மத்திலேயே வைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றில் ஒரு பங்கைக் கேட்டால் மட்டும் இதுவும் வெட்டத்தான் வேண்டும்.

பிழை வந்தால் எப்படித் தெரியும்?

கம்பைல் பிழையை முதல் நடையிலேயே டைப்ரைட்டர் ஒரு குறியீட்டு எண்ணாக அடித்துக் காட்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கையேட்டில் பார்க்க வேண்டும். கார்டைத் திருத்தி, மறுபடி முதல் மஞ்சள் கட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓடும்போது வருகிற பிழைதான் கடினம். எல்லை தாண்டி எழுதினால் எந்திரம் தடுக்காது. வாய்ப்பாட்டின் மேலேயே எழுதினாலும் தடுக்காது. ஏதோ ஒரு கட்டத்தில் கட்டளையாக இருக்க முடியாத ஒன்றைக் கட்டளையாக ஓட்டப் பார்த்து நின்றுவிடும். விளக்குகளைப் பார்த்து எந்த முகவரியில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கட்டளையாக ஓட்டிப் பார்க்கலாம்.

நினைவகம் முழுவதையும் டைப்ரைட்டரில் கொட்டிப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். டைப்ரைட்டர் விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். 20,000 இலக்கத்துக்கு 2,000 விநாடி, அதாவது அரை மணி நேரத்துக்கு மேல். வெளியே பத்துப் பேர் கட்டுகளோடு காத்திருக்கும்போது யார் விடுவார்கள்? ஆகவே தாளில் எந்திரம் மாதிரியே ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஞ்ச் அறைக்கே அனுப்புவார்கள். எங்களிடம் வந்த கோடிங் ஷீட்டுகளின் ஓரமெல்லாம் பென்சில் கணக்காக இருக்கும்.

ஒரு சின்னப் புரோகிராமுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

1622 நிமிடத்துக்கு 250 கார்டு படிக்கும், 125 கார்டு துளையிடும். நம் மழைப் புரோகிராமின் 9 கார்டுகளைப் படிக்க இரண்டு விநாடிதான். நேரமெல்லாம் கம்பைலர் கட்டுகளை ஏற்றுவதிலும், கார்டுகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதிலும் போகும். இதனால்தான் மாணவர்களுக்கென்று, இடையில் எதையும் துளையிடாமல் நினைவகத்திலேயே கம்பைல் செய்து உடனே ஓட்டிவிடும் கம்பைலர்களைப் பல பல்கலைக்கழகங்கள் தாங்களே எழுதிக்கொண்டன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-ல் எழுதிய வாட்ஃபோர் அவற்றில் பேர் பெற்றது. அது ஐபிஎம் 7040-க்காக எழுதியது.

பெரிய மெயின்ஃபிரேமில் இதே வேலை எப்படி நடந்தது?

1964 ஏப்ரல் 7-ம் தேதி அறிவித்த 360 வரிசையிலும், பிறகு வந்த 370-லும் கம்பைலர் டிஸ்க்கில் இருந்தது. மஞ்சள் கட்டைத் தூக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஜேசிஎல் கார்டுகளை நம் கட்டின் முன்னும் பின்னும் வைக்க வேண்டும். இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் கார்டுகள் அவை: இது யாருடைய வேலை, எந்தக் கம்பைலர், டேட்டா எங்கே தொடங்குகிறது. கம்பைல், லிங்க், ஓட்டம் என்ற மூன்று படியும் அப்படியே உண்டு; ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போனால், அச்சடித்த தாளோடு பிறகு திரும்பி வரும். வகுப்பை நான் 370-ல் தொடங்காததற்கு இதுதான் காரணம்.

எந்திரம் பாட்டுப் பாடுமாமே?

எந்திரத்தின் பக்கத்தில் சாதாரண மீடியம் வேவ் ரேடியோவை வைத்தால், உள்ளே ஓடுகிற கட்டளைகளுக்கு ஏற்ப இரைச்சல் மாறும். திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைச் சுற்றுகளின் நீளத்தைக் கணக்காக அமைத்து ராகம் எழுப்புகிறவர்கள் இருந்தார்கள். எங்களுடைய ஆபரேட்டர் ஒருவர் ரேடியோச் சத்தத்தை வைத்தே, முடியாத சுற்றில் மாட்டிக்கொண்ட புரோகிராமைக் கண்டுபிடித்துவிடுவார். சிமுலேட்டரில் இதைக் கேட்க முடியாது. எனக்கு அது ஒரு குறைதான்.

அசல் கார்டுகள் வைத்திருக்கிறீர்களா?

ஒரு பெட்டி வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூரைச் சாய்த்தபோது மாடியின் ஓட்டுக் கூரை போனது; பெட்டியும் நனைந்தது. கார்டு தண்ணீர் பட்டால் ஊதிவிடும். காய்ந்தாலும் வளைவு போகாது. வளைந்த கார்டை எந்த ரீடரும் எடுக்காது. சென்னையில் வேலை செய்தபோதே மழைக்காலத்தில் கார்டுப் பெட்டிகளைக் குளிர்சாதன அறைக்குள் வைத்துத்தான் பாதுகாப்போம். கடற்கரை ஊரில் மாடியில் வைத்தது என் தவறு. நனையாமல் தப்பியது பதினொரு கார்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்க்கலாம், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளைகளைப் படிக்கலாம். ஒன்றில் என் கையால் அடித்த வரியே இருக்கிறது.

வீட்டில் நானே ஓட்டிப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

சிம்ஹெச் என்ற இலவச சிமுலேட்டர் தொகுப்பில் 1620 உண்டு. சாதாரண மடிக்கணினியே போதும். அதில் கார்டுக் கட்டு என்பது ஓர் எழுத்துக் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு கார்டு. கார்டு ரீடருக்கு சிடிஆர் என்று பெயர், துளையிடும் எந்திரத்துக்கு சிடிபி. அட்டாச் கட்டளையால் கம்பைலரின் முதல் கட்டைச் சிடிஆரில் மாட்டி, ஒரு காலிக் கோப்பைச் சிடிபியில் மாட்டி, பூட் சிடிஆர் என்றால் லோடு பொத்தானை அழுத்தியதற்குச் சமம். அது நின்றதும் உங்கள் கட்டை மாட்டித் தொடருங்கள். சிடிபியில் விழுந்த கோப்பைத் திறந்து பாருங்கள். நம் ரோஸ் கட்டு அதுதான். திறக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

பென்சில், ரப்பர், கட்டம் போட்ட கணக்கு நோட்டு. கோடிங் ஷீட்டுக்கு ஒரு வரியில் 80 கட்டம் வேண்டும், நோட்டில் அவ்வளவு வராது. இரண்டு தாளை ஒட்டிக்கொள்ளலாம், பசை இங்கே இருக்கிறது. மடிக்கணினி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், நாலு பேருக்கு ஒன்று போதும். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். மஞ்சள் அட்டை தீர்ந்துவிட்டது.